காலி வேனின் எடை

அந்தச் சாம்பல் நிற வேன் காலியாகத்தான் போனது என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். தையல் கம்பெனி மேனேஜர் சொன்னார். கேட் காவலாளி சொன்னார். வேன் டிரைவரும் போனில் சொன்னார். "வண்டி காலியா நேரா பிரேக் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போச்சு" என்று மூன்று பேரும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்ததுதான் அண்ணிக்குப் பிடிக்கவில்லை.

"மனப்பாடம் பண்ணினாத்தான் அண்ணி இப்படி வரும். எனக்கு அதுகூட வராது. அதனாலதான் பிசிக்ஸ் என்னை மூணு தடவ திருப்பி அனுப்புச்சு" என்றான் ரேடியோ.

வாயை மூடத் தெரியாததால் வந்த பட்டப்பெயர் அது. அண்ணியின் கணவர் கப்பலில் வேலை பார்க்கப் போன பிறகு, அவருடைய தம்பியான இவன் அண்ணியின் துப்பறியும் அலுவலகத்தில் வந்து ஒட்டிக்கொண்டான். அண்ணி முன்பு ஒரு வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை அளந்து பார்க்கும் வேலையில் இருந்தவள். நொறுங்கிய பம்பரைப் பார்த்தே வண்டி வந்த வேகத்தைச் சொல்லிவிடுவாள். ரேடியோவுக்கு டேப்பின் மறுமுனையைப் பிடிக்கிற வேலை.

இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். பள்ளிக்கூடத்துக்கு முன்னால், வண்டிகள் இரண்டு பக்கமும் உறுமிக்கொண்டு போக, நடுச்சாலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஆனால் மனம் அங்கே இல்லை. அலுவலகத்தில் மருந்துக்கடை அக்கா மடியில் ஒரு ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த முகம் அவனை விட்டு நகரவில்லை.

அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை; அவளுடைய தங்கை அந்தத் தையல் கம்பெனியில் தைப்பவள். நேற்றுக் காலை வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. அவளோடு வேலை பார்த்த மற்ற பெண்களும் இல்லை. எல்லோரையும் கணக்கு முடித்து பஸ் ஏற்றிவிட்டதாக மேனேஜர் சொல்கிறார். போலீஸ் ஸ்டேஷனில், வளர்ந்த பெண்கள்தானே, ரெண்டு நாள் பொறுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் தங்கைக்கு சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் இன்சுலின் போட்டாக வேண்டும். அந்த மருந்து வீட்டு ஃப்ரிட்ஜில் அப்படியே இருந்தது.

"கோவிச்சிட்டுப் போயிருந்தாக்கூட ஊசியை எடுத்துக்கிட்டுத்தான் போயிருப்பா. எங்கிட்ட எத்தனையோ தடவ கோவிச்சிட்டுப் போயிருக்கா, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் அவள் அழவும் இல்லை. 

பெண்கள் காணாமல் போன அதே காலையில் கம்பெனியை விட்டு வெளியே போன ஒரே வண்டி இந்த வேன். போகிற வழியில் இந்தச் சாலையில் அது ஒரு ஆளை அடிக்கப் பார்த்திருக்கிறது. பிடித்துக்கொள்ள வேறு நூல் எதுவும் இல்லாததால் அண்ணி இதைப் பிடித்துக்கொண்டாள்.

சாலைக்குக் கோடு போடும் ஆட்களின் மேஸ்திரி, நேற்று நடந்ததை இன்னும் ஆத்திரம் தீராமல் சொன்னார். பள்ளிக்கூடத்து வாசலில் வெள்ளைப் பட்டைகள் அடித்து முடித்து, அது காய்வதற்குள் அவருடைய ஆள் ஒருவன் சற்றுத் தள்ளி பெயின்ட் டப்பாவோடு சாலையைக் கடந்திருக்கிறான். வேன் வந்த வேகத்தில் ஈரப் பட்டையை மிதித்துக்கொண்டு போய், அந்த ஆளுக்கு முன்னால் போட்டிருந்த மரத் தடுப்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

டிரைவர் முழு பலத்தோடு பிரேக் போட்டாரா என்று அண்ணி கேட்டாள்.

"சீட்டை விட்டு எழுந்து நின்னு மிதிச்சாரும்மா. நான் நேருக்கு நேரா பாத்தேன். வண்டிதான் நிக்க மாட்டேங்குது" என்றார் மேஸ்திரி.

எதிரே இருந்த செருப்புக் கடையின் கேமராவில் அது முழுதாகப் பதிவாகியிருந்தது. கடைக்காரர் போட்டுக் காட்டினார். பள்ளிக்கூடத்துப் பக்கம் வரும் வண்டிகளுக்கு வேகத்தைக் காட்டி எச்சரிக்கும் பலகை ஒன்று அங்கே உண்டு. வேன் அதைக் கடக்கும்போது பலகையில் 54 என்று மின்னியது. முன்சக்கரம் முதல் வெள்ளைப் பட்டையைத் தொட்ட அதே நேரத்தில் பின்னால் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

அங்கிருந்து தடுப்பு வரைக்கும் டயர் வெள்ளை அச்சுகளைப் பதித்துக்கொண்டே போயிருந்தது. போகப் போக மங்கினாலும் அழியவில்லை. டேப்பைப் பிடித்து அளந்ததில் முப்பத்தாறு மீட்டர் வந்தது.

அண்ணி குனிந்து ஒரு அச்சைத் தொட்டுப் பார்த்தாள். "டயர் பூ தெளிவா விழுந்திருக்கு பாரு. தேய்ச்சு இழுத்த மாதிரி இல்ல. அப்படின்னா சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கல. உருண்டுக்கிட்டேதான் நின்னிருக்கு."

"உருண்டா என்ன, வழுக்கினா என்ன அண்ணி? நின்னுச்சுல்ல."

"சக்கரம் பூட்டிக்கிச்சுன்னா ரோடுதான் வண்டியை நிறுத்தும். அப்ப வண்டி கனமா லேசாங்கிறது பெருசா தெரியாது. உருண்டுக்கிட்டே நின்னா பிரேக்தான் நிறுத்துது. பிரேக்குக்கு இவ்வளவுதான் பிடிக்க முடியும்னு ஒரு அளவு இருக்கு. வண்டி கனமானா அது திணறும்."

ரேடியோவுக்குப் பாதி புரிந்தது. மீதி பாதியைக் கேட்பதற்குள் அண்ணி ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டாள்.

பிரேக் ஒர்க்‌ஷாப்பில் வேன் ஓரமாக நின்றிருந்தது. மெக்கானிக் நெற்றியில் கிரீஸோடு வந்து, கேட்காமலே தன் குறையைக் கொட்டினார். வேன் டிரைவர் நேற்று மத்தியானம் வந்தவர், இன்னும் போகவில்லையாம். பிரேக் கெட்டுப்போச்சு, கழற்றிப் போடுங்கள் என்று நச்சரிக்கிறாராம். மெக்கானிக் மெஷினில் ஏற்றிச் சோதித்துப் பார்த்துவிட்டார். கோளாறு ஒன்றும் இல்லை.

"நல்லா இருக்கிற பிரேக்கை கெட்டுப்போச்சுன்னு சொல்லச் சொல்றாரு மேடம். எனக்கு இந்த மாதிரி கஸ்டமர் புதுசு. எல்லாரும் கெட்டுப்போனதை நல்லாருக்குன்னு சொல்லச் சொல்லித்தான் பார்த்திருக்கேன்."

டிரைவர் பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். சவரம் செய்யாத முகம். இவர்களைப் பார்த்ததும் எழுந்தார், பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர்போல மறுபடி உட்கார்ந்தார். நேற்று வண்டி சட்டென்று நிற்கவில்லை, பிரேக் சரியில்லை, வண்டி காலி என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பேசும்போது அவர் கண்கள் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

அண்ணி அவரோடு வாதாடவில்லை. மெக்கானிக்கிடம் சோதனை மெஷின் என்ன காட்டியது என்று கேட்டாள். பெடலை அடிவரை மிதித்தால் நான்கு சக்கரமும் சேர்ந்து ஏழாயிரத்து ஐநூறு நியூட்டன் விசையோடு பிடிக்கிறது என்றார். காலி வேன் டிரைவரோடு சேர்த்து எவ்வளவு இருக்கும் என்றாள். ஆயிரத்து ஐநூறு கிலோ என்றார்.

மேசைமேல் கிடந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு அண்ணி சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். ரேடியோவும் பக்கத்தில் உட்கார்ந்தான். வெளியே மணி போய்க்கொண்டே இருந்தது. ஐஸ் பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. இங்கே அண்ணி பாடம் எடுக்கப் போகிறாள் என்று நினைக்கவே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓடுற வண்டிக்குள்ள ஒரு சக்தி இருக்கு" என்று எழுதிக்கொண்டே சொன்னாள். "எடையில பாதியை வேகத்தால ரெண்டு தடவ பெருக்கினா அது. வண்டி நிக்கணும்னா அவ்வளவையும் பிரேக் தின்னு தீர்க்கணும். பிரேக் தின்னுறது எவ்வளவு? பிடிக்கிற விசையை, நிக்கிற வரைக்கும் போன தூரத்தால பெருக்கினா வரும். ரெண்டும் சமம். அவ்வளவுதான் விஷயம்."

மணிக்கு ஐம்பத்து நான்கு கிலோமீட்டர் என்றால் நொடிக்குப் பதினைந்து மீட்டர். காலி வேனாக இருந்திருந்தால் இந்த பிரேக் அதை இருபத்து இரண்டரை மீட்டரில் நிறுத்தியிருக்க வேண்டும். தரையில் அந்த எண்ணுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் முப்பத்தாறு என்று எழுதினாள். பிறகு கணக்கைத் திருப்பிப் போட்டாள். முப்பத்தாறு மீட்டர் ஓடித்தான் நின்றது என்றால் வண்டியின் எடை என்ன?

இரண்டாயிரத்து நானூறு.

"தொள்ளாயிரம் கிலோ கூடுதல்" என்றாள் அண்ணி.

ரேடியோ வேனைப் பார்த்தான். பிறகு டிரைவரைப் பார்த்தான். "அண்ணாச்சி, காலி வண்டிக்கு இது கொஞ்சம் அதிகமா இல்ல? உங்க டிபன் பாக்ஸ் அவ்வளவு பெருசா?"

டிரைவர் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணி அங்கேயே நின்று மேனேஜருக்குப் போன் போட்டாள். வேன் காலியாகப் போகவில்லை, தொள்ளாயிரம் கிலோ ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். மறுமுனையில் மேனேஜர் சிரித்தார். மறந்தே போய்விட்டது மேடம், பழைய தையல் மெஷின்களை விற்றுவிட்டோம், அதைத்தான் ஏற்றிவிட்டோம் என்றார். எத்தனை என்று கேட்டாள். முப்பது. ஒன்று எவ்வளவு கனம்? முப்பது கிலோ.

முப்பது முப்பது தொள்ளாயிரம். அச்சடித்ததுபோலப் பொருந்தியது.

ரேடியோவுக்கு உடம்பிலிருந்து காற்றுப் போனதுபோல் ஆகிவிட்டது. இவ்வளவு நேரம் வெயிலில் அளந்ததும், தரையில் கிறுக்கியதும், கடைசியில் மேனேஜர் வாயில் ஒரு நல்ல பொய்யை எடுத்துக் கொடுப்பதற்குத்தானா? பெண்கள் பஸ்ஸில் போனார்கள், மெஷின்கள் வேனில் போயின. சொல்லிவிட்டார், முடிந்துவிட்டது. ஸ்டேஷனில் இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களே கணக்குச் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

"நாம தேடிப் போனது தையல்காரங்களை. கிடைச்சது தையல் மெஷின்" என்றான். ஜோக்காகத்தான் சொல்ல நினைத்தான். ஜோக்காக வரவில்லை. "அந்தப் பொண்ணுக்கு நேத்துலேர்ந்து ஊசி இல்ல அண்ணி. நாம இங்க என்ன பண்ணிட்டிருக்கோம்?"

அண்ணி வேனின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். அவனும் வேறு வழி தெரியாமல் பின்னால் ஏறினான். ஜன்னல் இல்லாத தகரப் பெட்டி. துணி ஏற்றி ஏற்றி உள்சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. டிரைவர் சீட்டுக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகரத் தடுப்பு. அண்ணி போனில் விளக்கை அடித்து அந்தத் தடுப்பைக் காட்டினாள்.

"வண்டி நின்னாலும் உள்ள இருக்கிறது நிக்காது. வந்த வேகத்திலேயே முன்னால போகும். முப்பது மெஷின், தொள்ளாயிரம் கிலோ இரும்பு, இந்தத் தகரத்துல வந்து மோதியிருந்தா?"

ரேடியோ தகரத்தைத் தட்டிப் பார்த்தான். டப்பா மூடிபோல் ஒலித்தது. எங்கும் ஒரு பள்ளம் இல்லை, கீறல் இல்லை. தரையிலும் இரும்பு உராய்ந்த தடம் இல்லை. மெஷினைக் கட்டி நிறுத்த ஒரு வளையம்கூட இல்லை.

"இடிக்காம நின்னிருக்கு. அப்ப நல்லா வளர்த்த மெஷின் போல" என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திவிட்டான்.

விளக்கு வெளிச்சம் சாய்வாக விழுந்தபோது தகரத்தின் தூசியில் கைகள் தெரிந்தன. விரித்த விரல்களோடு உள்ளங்கைகள். தோள் உயரத்தில் சில, இடுப்பு உயரத்தில் சில, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல. முன்னால் வந்து விழாமல் இருக்க ஊன்றிய கைகள். எல்லாம் சின்னக் கைகள். ஒரு இடத்தில் உள்ளங்கைக்குப் பக்கத்தில் நெற்றியோ கன்னமோ மோதிய வட்டமும் இருந்தது.

ரேடியோ தன் கையை அதற்கு நேராக நீட்டினான். தொடவில்லை. அவன் கையைவிட அது சிறியது.

"ஆளுக்கு அறுபது கிலோன்னு வச்சுக்கோ" என்றாள் அண்ணி மெதுவாக.

"பதினஞ்சு பேர்" என்றான். பிசிக்ஸில் மூன்று தடவை தோற்றவனுக்கு அந்தக் கணக்குப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை.

அவன் வேனிலிருந்து குதித்த வேகத்தில் மெக்கானிக் ஒதுங்கிக்கொண்டார். நேராகப் போய் டிரைவரின் சட்டையைப் பிடித்தான். எங்கே கொண்டுபோய்ப் போட்டாய் என்று கேட்டான். கேலி, கிண்டல், வழக்கமான வாய் எதுவும் அவனிடம் மிச்சமில்லை. டிரைவர் கையைத் தட்டிவிடவும் இல்லை, விலகவும் இல்லை.

அண்ணி வந்து ரேடியோவின் கையை எடுத்துவிட்டாள். "விடு. இவரு ஓடணும்னு நினைச்சிருந்தா நேத்தே ஓடியிருப்பாரு. இங்கேயே உக்காந்துக்கிட்டு பிரேக்கைக் கழட்டுங்கன்னு ஏன் கெஞ்சணும்?" டிரைவர் பக்கம் திரும்பினாள். "வண்டியை மறுபடி எடுக்கச் சொல்லியிருக்காங்க. இல்லையா?"

டிரைவர் தலையை ஆட்டினார். அப்புறம்தான் பேச்சு வந்தது, திக்கித் திக்கி. கம்பெனியைச் சோதனை போட அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்ததாம். உள்ளே அவசர வழிக் கதவை வெல்டிங் வைத்து அடைத்திருந்ததைப் பற்றி யாரோ புகார் கொடுத்துவிட்டார்களாம். பெண்களை டாக்டரிடம் காட்டக் கூட்டிப் போகிறோம் என்று சொல்லி ஏற்றினார்கள். அவரும் அதை நம்பினார். சாலையில் பிரேக் போட்டபோது முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரும் தகரத்தில் வந்து விழுந்த சத்தம் கேட்டது. கொண்டுபோய் இறக்கிய இடத்தில் டாக்டர் யாரும் இல்லை. மூடிக் கிடக்கும் ஐஸ் ஃபேக்டரி. உள்ளே தையல் மெஷின்கள் தயாராக இருந்தன. எல்லோரும் உள்ளே போனதும் மேனேஜர் வெளியே பூட்டுப் போட்டார்.

"இன்னைக்குச் சாயங்காலம் அங்கேயிருந்து வேற ஊருக்கு மாத்தணும், வண்டியோட வான்னாரு. முடியாதுன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரலம்மா. வண்டி ஓடலன்னா என்ன பண்ணுவாங்க? அதான் இங்க வந்து உக்காந்துட்டேன்."

அண்ணி அதற்குமேல் கேட்கவில்லை. இன்சூரன்ஸ் காலத்திலிருந்து தெரிந்த ஒரு இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து, கை அச்சுகளின் படங்களை அனுப்பினாள். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் இழுத்தடித்திருப்பார். அந்தப் படங்களைப் பார்த்ததும் ஜீப்போடு வந்துவிட்டார். ரேடியோ அலுவலகத்துக்குப் பறந்துபோய் மருந்துக்கடை அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தான். வழியில் அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். இருக்கிறாளா என்று. தெரியவில்லை என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. போகிறோம் என்று மட்டும் சொன்னான்.

ஐஸ் ஃபேக்டரியின் கதவு ஒரு சாண் தடிமன். பூட்டை உடைத்து அதை இழுக்கும்போதே உள்ளிருந்து மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. கதவு முழுதாகத் திறந்த பிறகும் அந்தச் சத்தம் உடனே நிற்கவில்லை. வந்திருப்பது யார் என்று தெரியாமல் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒருத்தி நிமிர்ந்தாள். ஒவ்வொரு மெஷினாக நின்றது.

தங்கை மூலையில் துணிக்கட்டின்மேல் சுருண்டு கிடந்தாள். மூச்சு வேகமாக வாங்கிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. அக்கா ஓடவில்லை; நடந்துதான் போனாள். பக்கத்தில் மண்டியிட்டு, ஊசியைப் போட்ட பிறகுதான் அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது தங்கை கண்ணைத் திறந்து, புகார் கொடுத்தது நான்தான், வீட்டில் சொன்னால் திட்டுவாய் என்று சொல்லவில்லை என்றாள். அக்கா, திட்டத்தான் போகிறேன், முதலில் எழுந்து உட்கார் என்றாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விட்டுப் போயிருக்கும் என்று பிற்பாடு சொன்னார்.

மேனேஜரை அவருடைய மேசையிலேயே பிடித்துவிட்டதாக இன்ஸ்பெக்டருக்குத் தகவல் வந்தது. மற்ற பெண்கள் வெளியே வெயிலில் வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். டிரைவர் ஜீப்புக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். அவரை என்ன செய்வது என்று இன்ஸ்பெக்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி, அதைச் சொல்ல வேண்டியவள் நானில்லை என்பதுபோலப் பெண்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர்களில் வயதில் மூத்தவள் ஒருத்தி, நெற்றியில் ஒரு பக்கம் வீங்கியிருந்தவள், கூட்டத்தைவிட்டு வந்து டிரைவருக்கு முன்னால் நின்றாள். அறையப் போகிறாள் என்று ரேடியோ நினைத்தான். டிரைவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டார்.

"கதவைப் பூட்டுறப்போ நீ பாத்துக்கிட்டுத்தானே நின்ன?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"நான் உள்ளேயிருந்து உன்னைக் கூப்பிட்டேன். கேட்டுச்சா?"

டிரைவர் கண்ணைத் திறந்தார். "கேட்டுச்சும்மா."

அவள் அவரை ஒரு முழு நிமிடம் பார்த்தாள். கோபமா, களைப்பா என்று ரேடியோவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அதையும் சேர்த்துச் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு. நான் பக்கத்துலயே உக்காந்து கேக்கறேன்" என்றாள்.

ஜீப்பின் பின்பக்கத்தில் அவள் முதலில் ஏறி ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். டிரைவர் தயங்கித் தயங்கி எதிரே ஏறினார். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுப்பதற்கு முன்பே அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.